இலைக்கடியில் முத்து

"கீழாநெல்லி சாப்பிட்டா இது போயிருமுங்களா மாமா?"

போர்வெல் வண்டியோடு வடக்கே போய் ஏழு மாதம் கழித்துத் திருச்செங்கோடு திரும்பிய மருமகன், ரத்ததான முகாமில் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாகச் சீட்டு சொன்னது. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். ரத்தத்தில் வைரஸ் குறைவு, ஈரல் நொதிகள் அளவோடு இருக்கின்றன, ஈரலில் தழும்பு இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள் என்று அனுப்பியிருக்கிறார்கள். மருத்துவ நெறிப்படி சரியான பதில்தான். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய ஓர் ஆளின் காதில் அது எப்படி விழும்? நோய் உண்டு, மருந்து இல்லை. அந்த இடைவெளியில்தான் கீழாநெல்லி வந்து உட்கார்கிறது.

எனக்கும் அந்தச் செடியோடு பழைய கணக்கு உண்டு. பத்து வயதில் மஞ்சக்காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தேன். ஆத்தா வரப்பிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் வைத்து அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தாள். எண்ணெய், உப்பு, புளி எல்லாம் பத்தியம். இரண்டு வாரத்தில் கண் வெளுத்தது. ஊரில் அரைக் கிழவர் வரை எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். அதனால் மருமகனிடம் "அதெல்லாம் சும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போயிரும்" என்று சொல்லவும் வரவில்லை. அவன் கேட்ட அதே கேள்வியை அறிவியல் முறைப்படி உலகமே கவனிக்கும்படி ஒருமுறை கேட்டுப் பார்த்தவர்கள் சென்னைக்காரர்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டபின்தான் அவனுக்குப் பதில் சொல்ல முடிந்தது.

முதலில் செடி. நெல்லி இலைபோலச் சின்னச் சின்ன இலைகள், அவற்றின் அடியில் வரிசையாகக் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள். கீழே காய்க்கும் நெல்லி என்பதால் கீழ்க்காய்நெல்லி, பேச்சில் கீழாநெல்லி. சீனர்கள் இதே குடும்பத்துச் செடி ஒன்றை யே-சியா-சூ என்கிறார்கள். 'இலைக்கடியில் முத்து' என்று பொருள். இமயத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த மருத்துவர்கள் ஒரே அடையாளத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் ஈரலுக்கே கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒற்றுமையைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் இரண்டும் ஒரே செடி அல்ல. நம்முடையது பில்லாந்தஸ் அமாரஸ். சீனர்களுடையது பில்லாந்தஸ் யூரினேரியா. தண்டு சிவந்திருப்பதால் நம்மூரில் சிவப்புக் கீழாநெல்லி. போதாததற்கு, இந்திய நூல்கள் பல காலமாகக் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிவந்தன. அந்தப் பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அந்தப் பெயரில் கிடப்பவை அமாரஸ், பிராட்டர்னஸ், டெபிலிஸ் என்று குறைந்தது மூன்று இனங்களின் கலவை என்று 1985-இல் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். செடியின் பெயரில் விழும் இந்தக் குழப்பம் கடைசி வரை நம்மோடு வரும்; ஓரிடத்தில் ஆளையே கொன்றும் போடும்.

ஆத்தாவின் மருந்து ஏன் பலித்தது? கிராமத்துக் காமாலையில் பெரும்பகுதி தண்ணீர் வழி வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வருவது. ஏ வைரஸைப் பிள்ளைகளின் உடம்பே சில வாரங்களில் விரட்டிவிடுகிறது. எண்ணெயும் மசாலாவும் சாராயமும் தவிர்த்து, மோர் குடித்து, படுத்து ஓய்வெடுத்தால் ஈரல் தானே தேறும். கீழாநெல்லி கொடுத்தாலும் தேறும், கொடுக்காவிட்டாலும் தேறும். ரத்தத்தின் வழி பரவும் பி வைரஸிலும் இதே வேடிக்கை உண்டு. வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேர் தாமாகவே குணமாகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கைகூடும் இடத்தில் எந்த இலையைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகத்தான் தெரியும். ஆத்தா பொய் சொல்லவில்லை. தான் கண்டதைத்தான் சொன்னாள். மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் காண வழியில்லை, அவ்வளவே.

பிறக்கும்போது தாயிடமிருந்து பி வைரஸ் தொற்றும் குழந்தையின் கதை வேறு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. காமாலை இல்லை, காய்ச்சல் இல்லை, முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு சத்தமும் இல்லை. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த பீஸ்லியின் குழு 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணக்கு இதற்கு அடிப்படை. ஈரல் புற்றால் இறந்த 41 பேரில் 40 பேர் இந்த வைரஸைச் சுமந்தவர்கள். வைரஸ் இல்லாதவரைக் காட்டிலும் இருப்பவருக்கு ஆபத்து 223 மடங்கு. அதுவரை ஒரு புற்றுநோய்க்கும் ஒரு கிருமிக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான உறவை யாரும் காட்டியிருக்கவில்லை. ஆக, ஈரல் புற்றுக்கு மூலிகை என்று பேசினால் கட்டி வந்தபின் என்ன செய்யலாம் என்பது பாதிக் கேள்விதான். கட்டி வருவதற்கு முந்தைய அந்த முப்பது ஆண்டு மௌனத்தில் ஓர் இலைக்கு இடம் உண்டா என்பது மறுபாதி. எனக்கு இந்த மறுபாதிதான் முக்கியமாகப் படுகிறது. சென்னைக்காரர்கள் கேட்டதும் அதைத்தான்.

பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர் 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டார். அது பி வைரஸின் மேலுறை என்று பின்னால் தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசியின் காப்புரிமையும் அவருடையதும் இர்விங் மில்மனுடையதுமே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்துவந்த எஸ். பி. தியாகராஜனும் அவரது குழுவினரும், கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சோதனைக் குழாயில் இந்த வைரஸின் மேலுறையைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982-இல் எழுதினார்கள். காமாலைக்கு நம் வைத்தியர்கள் கைவைக்கும் முதல் இரண்டு இலைகள் இவைதாம். ஃபிலடெல்ஃபியாவில் பிளம்பெர்க்கின் குழு, பி வைரஸுக்கு உறவான ஒரு வைரஸைச் சுமக்கும் மர்மாட் என்ற கொறிவிலங்குக்குச் செடிச் சாறு கொடுத்துப் பார்த்து 1987-இல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியது. வரப்போரச் செடிக்கு வாஷிங்டனில் பட்டா என்று இங்கே சிலர் கொதித்தார்கள். கோபம் நியாயந்தான். ஆனால் அந்தக் காப்புரிமையால் யாரும் பணக்காரர் ஆனதாகத் தெரியவில்லை. ஏன் என்பது அடுத்த சில ஆண்டுகளில் வெளிப்பட்டது.

1988. இரு குழுவும் சேர்ந்து லான்செட்டில் எழுதிய கட்டுரை இரண்டே பக்கச் சொச்சம். வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாள், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி. இன்னொரு குழுவுக்கு அதேபோன்ற வெற்று மருந்து. மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பார்த்தால், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேலுறைப் புரதம் இல்லை. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே இல்லை. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! இன்றைய நவீன மாத்திரைகளை உட்கொண்டாலும் அந்தப் புரதம் மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சென்னையில் நடந்தது அற்புதம். அற்புதம் என்ற சொல்லைக் கேட்டாலே அறிவியலாளர் செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான்: மறுபடி செய்து பார்ப்பது.

செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் லீலாரசமியின் குழு 1990-இல் அதே லான்செட்டில் எழுதியது: பலனில்லை. நியூசிலாந்திலிருந்து 1994-இல் வந்த செய்தியும் அதுவே. 1995-இல் சீன ஆய்வாளர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். மூன்று இடத்து மூன்று வகைக் கீழாநெல்லியையும் தனித்தனிக் குழுவுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். மேலுறைப் புரதம் யாருக்கும் மறையவில்லை. வைரஸின் பெருக்கத்தைக் காட்டும் இன்னொரு புரதம் மட்டும், அவர்களுடைய 'இலைக்கடி முத்து' சாப்பிட்டவர்களிடம் கூடுதலானோருக்கு மறைந்தது. 2011-இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, 1,326 நோயாளிகளை ஒன்றாக வைத்து எடைபோட்டது. அவற்றில் வெற்று மருந்தோடு ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. மற்றவை வைரஸ் மருந்தோடு கீழாநெல்லியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவை, செய்முறை பலவீனமானவை. கீழாநெல்லியைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கவோ போதிய சான்றில்லை என்பதே முடிவு.

ஆக, சென்னை ஆய்வு பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. அறுபது பேரிடம் செய்த முதற்கட்ட ஆய்வு அது; அதைச் செய்தவர்களே தலைப்புக்குக் கீழே அப்படித்தான் குறிப்பிட்டார்கள். சிறிய எண்ணிக்கையில் தற்செயல் பெரிதாகத் தெரியும். செடியைப் பறித்த மண், பருவம், காயவைத்த விதம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நாட்டுப் பொடியையும் வேறு வேறு மருந்தாக்கியிருக்கவும் கூடும். சரக்கைச் சீராக்காமல் அதைச் சோதிப்பது, ஒவ்வொரு முறையும் வேறு படியால் நெல்லை அளப்பதுபோல. செடிக்குள் ஏதோ இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. வைரஸ் தன்னை நகலெடுக்கும் இயக்கத்தைக் கீழாநெல்லிச் சாறு எங்கே தடுக்கிறது என்று 1997-இல் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து தியாகராஜன் எழுதிய கட்டுரை இன்றும் மதிக்கத்தக்கது. எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. உலகம் இந்தச் செடியைக் கைவிட்டபின் அதைச் சீராக்கி, பெரிய அளவில், பல மருத்துவமனைகளில் மீண்டும் சோதிக்கும் பொறுமை நம்மிடம் இருக்கவில்லை. ஆனால் 1988-இன் அந்த 59 சதவீதத்தை மட்டும் இன்றுவரை மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி கட்டி வந்தபின் உள்ள பாதிக்கு வருகிறேன். 'ஈரல் புற்றை அழிக்கும் மூலிகை' என்று நாளிதழில் வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஹெப்ஜி2 என்ற பெயருடைய செல்கள் இருக்கும். பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து 1970-களில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருப்பவை அவை. பெரியவர்களுக்கு வரும் ஈரல் புற்றின் மாதிரியாகவே பல்லாண்டு கருதப்பட்டன. பிறகு பார்த்தால், அது குழந்தைகளுக்கு வரும் வேறு வகைக் கட்டி. இங்கேயும் பெயர்க் குழப்பம்! தட்டில் உள்ள செல்மேல் சாற்றை ஊற்றினால் செல் சாகும். உப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினாலும் சாகும். அந்த அளவுச் சாறு குடல் வழி போய், ஈரலே அதை உடைத்து வெளியேற்றுவதற்குள் கட்டியைப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஈரோட்டு மஞ்சளைவிட நல்ல சாட்சி கிடையாது. மஞ்சளின் குர்குமின் தட்டில் கொல்லாத புற்று வகையே இல்லை என்று சொல்லலாம். வாயில் போட்டால் ரத்தத்தில் கண்டுபிடிப்பதே பாடு. பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்காகக் கூடுகிறது என்று காட்டினார்கள். ரசம் வைக்கும் எந்தப் பாட்டியும் இதைக் கேட்டால் சிரிப்பாள். ஆனால் இருபது மடங்கு கூடியபிறகும் அது மிகச் சொற்பம்தான். 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளுக்குப் பின்னும் குர்குமின் ஒரு நோய்க்கும் நிரூபிக்கப்பட்ட மருந்தாகவில்லை என்று 2017-இல் வேதியியலாளர்கள் கணக்கு முடித்தார்கள்.

திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தில் எலிகளுக்கு ஈரல் புற்றை உண்டாக்கும் நைட்ரோசமைனைக் கொடுத்து, கூடவே நெல்லி, கீழாநெல்லி, கடுகுரோகிணிச் சாறுகளையும் கொடுத்தார்கள். கட்டி வருவது வெகுவாகக் குறைந்தது என்று 1999-இல் எழுதினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் விஷத்தோடு சேர்த்துக் காப்பையும் கொடுப்பது வேறு. கட்டி முற்றி வயிறு வீங்கி வரும் மனிதனுக்குக் கொடுப்பது வேறு.

சீனர்கள் இந்த இடத்தில் நம்மைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். தங்கள் மருந்தைத் தட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, ஆயிரம் பேரிடம் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார்கள். ஹுவாய் மரத்தில் வளரும் ஒருவகைக் காளான் ஹுவாயர். அறுவையில் கட்டியை நீக்கியபின் அதன் குறுமணிகளைக் கொடுத்தால் கட்டி திரும்ப வருவது குறைகிறதா என்று 39 மருத்துவமனைகளில் 1,044 பேரிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். 96 வாரம் கழித்துக் கட்டி திரும்பாமல் இருந்தவர்கள் மருந்து சாப்பிட்டோரில் சுமார் 62 சதவீதம், சாப்பிடாதோரில் 49. குறை ஒன்று உண்டு: வெற்று மருந்து கொடுக்கவில்லை, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இந்தத் துறையில் இவ்வளவு பெரிய ஆய்வு அபூர்வம். எபிமீடியம் என்ற செடியிலிருந்து பெறும் ஐகாரிடின் என்ற ஒற்றைப் பொருளை, முற்றிய ஈரல் புற்றுக்கு மருந்தாக 2022 ஜனவரியில் சீன அரசு அனுமதித்தது. ரத்தச் சோதனையால் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் அது சராசரி ஆயுளை 7 மாதத்திலிருந்து 13.5 மாதமாக்கியது. ஒப்பிட்ட மருந்தும் தேரைச் சுரப்பிலிருந்து எடுத்த ஒரு சீன மருந்தே என்பதால் மேற்குலகம் இன்னும் புருவத்தை இறக்கவில்லை.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் யுங்-சி செங். பி வைரஸை அடக்கும் லாமிவுடின் மாத்திரையின் வரலாற்றில் இவர் பெயர் உண்டு. அதே ஆள், 1,800 ஆண்டுப் பழைய நான்கு மூலிகைக் கஷாயம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தயாரிப்பும் முந்தையதைப்போலவே இருக்கிறதா என்று வேதியியல் கைரேகை பார்க்கும் முறையை உருவாக்கி, ஈரல் புற்று மாத்திரையான சொராஃபெனிபோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார். கஷாயம் புற்றைக் கொல்கிறது என்று அவர் சொல்லவில்லை. மாத்திரையின் கொடுமையை உடம்பு தாங்க உதவுகிறதா என்பதிலிருந்து தொடங்குகிறார். எவ்வளவு சிறிய கேள்வி! சிறியதாகக் கேட்டதால்தான் அதற்குப் பதில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

ஜப்பானியர் கதையையும் சொல்லாவிட்டால் ஒருதலையாகிவிடும். ஏழு சரக்குகள் சேர்ந்த ஷோ-சைகோ-தோ என்ற கஷாயம் ஈரல் சுருக்க நோயாளிகளிடம் புற்று வருவதைக் குறைக்கக்கூடும் என்று 260 பேரிடம் நடந்த ஒசாகா ஆய்வு 1995-இல் நம்பிக்கை கொடுத்தது. நாடெங்கும் எழுதிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே அந்தக் கஷாயத்தால் நுரையீரல் அழற்சி வந்து பத்துப் பேர் இறந்ததாக அரசு எச்சரித்தது. மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்று நம்மூரில் சொல்பவர்களுக்கு அந்தப் பத்துப் பேரைப் பற்றிச் சொல்லத் தோன்றும்.

அதைவிடக் கசப்பான கதை திருச்செங்கோட்டு மலையிலேயே எனக்கு நினைவுக்கு வரும். படியேறும் வழியில் பாறையில் அறுபது அடி நீளத்துக்கு ஐந்தலை நாகம் செதுக்கியிருக்கிறது. மலைக்கு நாககிரி என்றே பெயர். மேலே அர்த்தநாரீசுவரர். சித்தர்கள் வெண்பாஷாணத்தில் வடித்த திருமேனி என்பது ஐதீகம். அபிஷேக தீர்த்தத்தை நோய்க்கு மருந்தாக வாங்கிப்போவது வழக்கம். கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரம் சொல்லும் இதே ஊரில்தான், கொங்கு நாட்டுக் குளிர்சுரம் தன் அடியாரை வாட்டியபோது சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. நஞ்சை விழுங்கிக் கண்டத்தில் நிறுத்தியவனை நோய் தீர்க்க அழைத்த ஊர் இது. நஞ்சும் மருந்தும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு.

பாம்புக்கடிக்கு நம் வைத்தியத்தில் பேர்போன கொடி ஈஸ்வரமூலி. பெருமருந்து என்றும் பெயர். அதன் தங்கை, கொங்குக் கரிசல் காடுகளில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை. ஆடே தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இரண்டும் அரிஸ்டலோக்கியா இனம். அவற்றில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் புருசல்ஸ் நகரில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செத்துப்போனது. காரணம்? ஃபாங்-ஜி என்ற பெயரில் இரண்டு செடிகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று, அரிஸ்டலோக்கியா, புட்டியில் போய்விட்டது. ஒரு பெயரில் இரண்டு செடி.

அதோடு நிற்கவில்லை. அந்த அமிலம் செல்லின் மரபணுவில் விட்டுப்போகும் தழும்புக்குத் தனி அடையாளம் உண்டு. கன்னக்கோல் தடயத்தை வைத்துக் கள்ளனைச் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். 2017-இல் தைவானில் 98 ஈரல் புற்றுக் கட்டிகளைப் படித்துப் பார்த்தார்கள். 78 சதவீதக் கட்டிகளில் அந்தத் தழும்பு இருந்தது. சீனக் கட்டிகளில் 47 சதவீதம். ஈரலைக் காக்கும் என்று குடித்த மூலிகைகளுள் ஒன்று ஈரலில் புற்றுக்கு வழி விட்டிருக்கிறது. சீன மூலிகை ஈரல் புற்றை எதிர்க்குமா என்று கேட்பவர்கள் இந்த ஆய்வையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கவேண்டும்.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று ஆளாளுக்குச் சீந்தில் கஷாயம் குடித்தார்கள். மும்பையில் ஆறு பேருக்கு ஈரல் அழற்சி வந்ததை 2021-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் கணக்கு வந்தது. ஆயுஷ் அமைச்சகம் சொன்ன பதில்: அது சீந்தில் ஆகாது, அதைப்போன்ற வேறொரு கொடியாக இருக்கும். இருக்கலாம். ஆனால் கடையில் பொட்டலம் வாங்கும் ஆளுக்கு அந்த வேறுபாடு தெரிய என்ன வழி?

எங்கள் பக்கத்தில் ஈரல் புற்றின் இன்னொரு வேரை நன்றாக அறிந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தபோது அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இன்று எங்கள் பக்கத்துப் பண்ணையில் மூட்டை தூக்குபவருக்குக்கூட அந்தச் சொல் தெரியும். தீவனத்தில் அது கூடினால் கோழியின் ஈரல் வெளுத்து வீங்கும், முட்டை விழும். அதனால் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் சோதித்து வாங்குகிறார்கள். ஷாங்காயில் 18,244 ஆண்களைக் கவனித்த ஆய்வில், அந்த நஞ்சு மட்டும் உடம்பில் சேர்ந்தவருக்கு ஈரல் புற்று ஆபத்து மூன்று மடங்குக்குச் சற்று மேல். பி வைரஸ் மட்டும் இருந்தால் ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ அறுபது மடங்கு. கோழிக்குப் பார்த்து வாங்கும் நாம், பூத்த நிலக்கடலையைச் சிக்கு வாடை வந்தாலும் வறுத்துத் தின்றுவிடுகிறோம்.

மூன்றாவது வேர் சாராயம். 1925-இல் ராஜாஜி தொடங்கிய திருச்செங்கோடு புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்துதான் மதுவிலக்குக்காக 'விமோசனம்' இதழ் வந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார். 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் அமலுக்கு வந்ததும் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். பிறகு நடந்தது ஊரறிந்தது.

இந்த மூன்று வேர்களில் வைரஸை மட்டும் அடியோடு வெட்ட முடியும் என்பதைத் தைவான் காட்டிவிட்டது. 1984-இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஈரல் புற்று, லட்சத்துக்கு 0.70 என்றிருந்தது பத்து ஆண்டுக்குள் 0.36 ஆயிற்று. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி அது. தமிழ்நாட்டில் 2007-08 வாக்கிலும் நாடு முழுதும் 2011-லும் இந்த ஊசி அரசுத் திட்டத்துக்கு வந்தது. முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டும். இந்த ஊசி திட்டத்துக்கு வருமுன் பிறந்தவர்களில் என் மருமகனும் ஒருவன். இந்தியாவில் அவனைப்போல ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள்.

கடைசியில் அவனிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கீழாநெல்லி இதைப் போக்காது மாப்ளே. போக்குமான்னு மெட்ராஸ்ல ஒருதடவ நல்லாப் பாத்தாங்க. ஆரம்பத்துல போக்குன மாதிரி இருந்துச்சு, அப்புறம் வேற நாட்டுல பாத்தப்ப இல்ல." அவனுக்கு முகம் வாடியது. "அப்ப சும்மாவே இருக்கோணுமுங்களா?"

சும்மா இருக்கவேண்டியதில்லை. வைரஸ் ஏறினால் கொடுக்க டெனோஃபோவிர் உண்டு. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் அது அரசு மருத்துவமனையில் இலவசம். (அந்த நாள் பிளம்பெர்க்கின் பிறந்தநாள்; ஆடி மாதம், வரப்பில் கீழாநெல்லி தலைகாட்டும் பருவம்.) ஈரல் சுருக்கம் கண்டவர்களிடம் லாமிவுடின் கொடுத்துப் பார்த்த 651 பேர் ஆய்வில் புற்று 7.4 சதவீதத்திலிருந்து 3.9 ஆகப் பாதியானது என்று 2004-இல் காட்டிவிட்டார்கள். வெற்று மருந்தோடு ஒப்பிட்ட கணக்கு அது. புற்று விஷயத்தில் கீழாநெல்லிக்கு இன்னும் கிடைக்காதது. மருத்துவர் சொன்ன ஆறு மாத ஸ்கேனும் சும்மா இல்லை. ஷாங்காயில் 18,816 பேரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தச் சோதனையும் செய்துவந்ததில் ஈரல் புற்றுச் சாவு 37 சதவீதம் குறைந்தது.

"வீட்ல அவளுக்கும் பாப்பாவுக்கும் பாத்தியா?" என்றேன். பார்க்கவில்லை. மறுநாளே கூட்டிப்போனான். மனைவிக்கு வைரஸ் இல்லை. மூன்று ஊசிக்கு எழுதிக் கொடுத்தார்கள், முதல் ஊசி போட்டாகிவிட்டது. குழந்தைக்குப் பிறந்த அன்றே போட்டதாக அட்டையில் தேதியோடு இருந்தது.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது திண்ணையில் ஒரு கட்டுக் கீழாநெல்லி காய்ந்துகொண்டிருந்தது. அவன் அம்மா பிடுங்கி வைத்தது. ஒரு காம்பை எடுத்துப் பார்த்தேன். பச்சைத் தண்டு, நம்மூர் வகைதான். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். அடுத்த ஸ்கேன் தையில்.